பத்துக்குள் பத்து போகாது: வீட்டு லேத்தில் துல்லியம் என்பது என்ன?

சின்ன நீராவி எஞ்சின் ஒன்றுக்காக, கடைசல் இயந்திரமான லேத்தில் கடைந்த என் முதல் பிஸ்டனை, நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தபோது சரியாக 10.00 மி.மீ. காட்டியது. அது உள்ளே போய்வர வேண்டிய சிலிண்டரின் துளையும் 10.00 மி.மீ. வரைபடத்தில் இரண்டுக்கும் அந்த அளவுதான் போட்டிருந்தது. இரண்டையும் துடைத்து, எண்ணெய் தடவி, உள்ளே தள்ளினேன். போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். பாதி போய் நின்றது. அப்புறம் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

மறுநாள் அதை அப்படியே ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மதுரை கே.புதூர் பக்கம் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். தலை நரைக்கும்வரை கடைசல் வேலையிலேயே இருந்துவிட்ட அண்ணன் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “பத்துக்குள்ள பத்து எப்படித் தம்பி போகும்? இடம் விட வேணாமா?”

சின்ன நீராவி எஞ்சின் செய்ய நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வரைபடத்தில் உள்ள எண்ணை அப்படியே எட்டிப்பிடிப்பதுதான் துல்லியம் என்று நினைத்துக்கொள்கிறோம். விலை கூடிய லேத் வாங்கினால் அது தானாக வந்துவிடும் என்றும் நினைக்கிறோம். இரண்டுமே தப்பு. ஒரு பாகம் துல்லியமாக இருக்கிறதா என்பதை அந்தப் பாகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அது எதோடு சேர்ந்து வேலை செய்யப்போகிறதோ அதையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும்.

நான் இங்கே பேசுவது ஆடும் சிலிண்டர் எஞ்சினைப் பற்றி. இதில் சிலிண்டரே ஒரு ஆணியில் தொங்கி ஊஞ்சல் மாதிரி ஆடும். ஒரு பக்கம் சாயும்போது அதன் ஓரத்தில் உள்ள சின்ன நீராவித் துளை நீராவி வரும் வழியோடு நேராகும், மறுபக்கம் சாயும்போது வெளியேறும் வழியோடு நேராகும். தனியாக வால்வு எதுவும் கிடையாது. பாகங்கள் குறைவு என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது.

சம்படம், மாட்டுவண்டி, பட்டா

அடுப்படியில் இருக்கும் எவர்சில்வர் சம்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சம்படத்தின் மூடியை வைத்தால் டக்கென்று விழாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி தேடுவதால் மூடி மெதுவாக இறங்கும். மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே இடம் இருக்கிறது, ஆனால் காற்று தாராளமாகப் போய்வரும் அளவுக்கு இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் வேண்டியது இந்த உறவுதான். வழுக்கிப் போக வேண்டும், நீராவி தப்பக் கூடாது.

அடுத்தது மாட்டுவண்டிச் சக்கரம். அச்சில் அது கொஞ்சம் ஆடும். பார்க்கிறவருக்கு அது குறை மாதிரி தெரியும், வண்டிக்காரருக்கு அது தேவை. அந்த ஆட்டத்துக்குள்தான் மசகு தங்கும். இறுக்கமாக இருந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கழன்று ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளக் கடையாணி இருக்கிறது. எஞ்சினில் சுழலும் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் இந்த வகை.

அதே சக்கரத்தைச் சுற்றி இருக்கும் இரும்புப் பட்டா இதற்கு நேர் எதிர். அதைச் சக்கரத்தைவிடச் சற்றே சின்னதாகத்தான் செய்வார்கள். சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சினால் பட்டா விரியும். விரிந்த சூட்டோடு சக்கரத்தில் இறக்கித் தண்ணீரை ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஆணி அடித்துப் பிடித்ததைவிட உறுதி. எஞ்சினின் சுழல் தட்டில் ஒரு சின்னக் கம்பியை அடித்து இறக்குகிறோமே, அந்தப் பிடிப்பு இதுதான். கம்பி துளையைவிட இம்மியளவு பெரிதாக இருக்க வேண்டும்.

இரண்டு பாகங்களுக்கு நடுவே உள்ள இந்த உறவுக்குப் பட்டறையில் ஃபிட் என்று பெயர். தமிழில் பொருத்தம் என்றாலே போதும். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான், தனி ஒருவரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது: வழுக்கும் பொருத்தம், சுழலும் பொருத்தம், இறுக்கும் பொருத்தம் என்று மூன்று. எந்த இடத்துக்கு எது என்று தெரியாமல் அளவைப் பற்றிப் பேசுவது வீண்.

எவ்வளவு இடம் விடுவது?

தச்சரிடம் கேட்டால் நூல் கணக்கில் பேசுவார். எட்டு நூல் ஒரு அங்குலம், ஆக ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்று மேல். பழைய லேத்காரர்கள் தௌ என்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. நமக்கு வேண்டியது அதற்கும் கீழே. ஜெராக்ஸ் கடைத் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. அந்தத் தாளைக் கனவாட்டத்தில் ஐந்தாகவோ பத்தாகவோ பிரிக்க முடிந்தால், அதில் ஒரு ஏடுதான் 10 மி.மீ. பிஸ்டனைச் சுற்றி மொத்தமாக விட வேண்டிய இடம். எண்ணில் சொன்னால் 0.01 முதல் 0.02 மி.மீ. சுழலும் தண்டுக்கு இதைவிடக் கொஞ்சம் தாராளமாக விடலாம்.

இந்தக் கணக்கில் கஞ்சத்தனம் ஏன்? ஒடுங்கிய சந்து வழியாக ஒழுகும் அளவு, ‘அகலம் × அகலம் × அகலம்’ என்ற கணக்கில் ஏறும். இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு இரண்டு மடங்காகாது, ஏறத்தாழ எட்டு மடங்காகும். 0.02 இருந்த இடத்தில் 0.04 ஆகிவிட்டால் ‘கொஞ்சம்தானே’ என்று விட முடியாது. மறுபக்கம் இடமே விடாவிட்டால் எண்ணெய் தங்க வழியில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் உராய்வைக் குறைக்கிறது, அதுவேதான் மீதிச் சந்தையும் அடைக்கிறது.

பெரிய எஞ்சின்களிலும் இதே பாடுதான். இங்கிலாந்தில் நியூகோமென் என்பவர் 1712-இல் செய்த நீராவி எஞ்சினில் சிலிண்டர் கரடுமுரடாக இருந்தாலும் காலம் ஓடியது. பிஸ்டனின் மேல் தண்ணீரைத் தேக்கி ஒழுக்கை அடைத்துவிட்டார்கள். ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை பெற்ற எஞ்சினில் அது நடக்காது. சிலிண்டரை எப்போதும் சூடாக வைத்திருப்பதுதான் அவருடைய யோசனையின் உயிர்நாடி. மேலே தண்ணீரை ஊற்றினால் எல்லாம் கெட்டது. எதை எதையோ திணித்துப் பார்த்தும் நீராவி தப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் பீரங்கிக் குழல் குடைவதில் கைதேர்ந்த ஜான் வில்கின்சன்தான் வழி காட்டினார். அவர் குடைந்த 50 அங்குல சிலிண்டர் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட எங்கும் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் 1776-இல் மகிழ்ந்து எழுதினார். நாணயத்தின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் 10 மி.மீ. சிலிண்டரில் அந்தப் பிசகு இருந்தால் குப்பைக்குத்தான். ஒன்றே கால் மீட்டர் அகல சிலிண்டரில் அது உலகத்தை மாற்றியது.

டாலரன்ஸ்: அல்வாக் கடைத் தராசு

எந்த அளவையும் அச்சு அசலாக எட்ட முடியாது. எவ்வளவு தவறலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் எல்லைக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். அரைக் கிலோ அல்வா கேட்கிறோம். தராசு 502 கிராம் காட்டினால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. 498 காட்டினால் இன்னொரு துண்டு வைக்கச் சொல்வோம். கூடலாம், குறையக் கூடாது.

துளையைக் கடைசியாகச் சீர்செய்யும் ரீமர் என்ற கருவியும் இப்படித்தான் பேசுகிறது. அதன் காம்பில் 10 ஹெச்7 என்று பொறித்திருந்தால், அது போட்டுத்தரும் துளை 10.000-க்குக் குறையாது, 10.015-ஐத் தாண்டாது என்று பொருள். முறையாகப் பயன்படுத்தினால்தான்.

இந்த எல்லைகளெல்லாம் எதற்காகப் பிறந்தன? டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய பேரிங் உசிலம்பட்டியில் நிற்கும் வண்டிக்கும் சேர வேண்டும் என்பதற்காக. ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு தொழிற்சாலைகளின் பாகங்கள் பொருந்த வேண்டுமானால் இருவரும் ஒரே எல்லைக்குள் நின்றாக வேண்டும். வீட்டில் ஒரே ஒரு எஞ்சின் செய்கிறவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அது பெரிய விடுதலை.

முதலில் துளை, அப்புறம் தண்டு

பானைக்குத்தான் மூடி செய்வோம், மூடிக்குப் பானை செய்வதில்லை. துளையின் அளவை நம் இஷ்டத்துக்கு இம்மி இம்மியாக நகர்த்துவது கஷ்டம். உள்ளே கண் போகாது, அளக்கும் கருவியும் சரியாகப் போகாது, ரீமருக்கோ ஒரே அளவுதான். வெளிப்பக்கம் அப்படியில்லை. கொஞ்சம் கடைந்து, நிறுத்தி, மைக்ரோமீட்டரில் பார்த்து, மறுபடி கடையலாம். அதனால் சிலிண்டரை முதலில் முடித்துவிட்டு, அதற்குள் போகும்படி பிஸ்டனைக் கடைய வேண்டும்.

துளையும் ஒரே மூச்சில் வராது. ட்ரில் போட்ட துளை பெரும்பாலும் அதன் அளவைவிடப் பெரிதாகவும், வட்டம் பிசகியும், சில சமயம் கோணலாகவும் இருக்கும். ரீமர் அந்தக் கோணலைத் திருத்தாது, ஏற்கெனவே இருக்கும் வழியில் பின்னாலேயே போகும். கோணலைத் திருத்துவது போரிங், அதாவது ஒற்றைமுனைக் கருவியை உள்ளே விட்டு நேராகக் குடைவது. ட்ரில், பிறகு போரிங், கடைசியாக 0.1 அல்லது 0.2 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து ரீமர். இந்த வரிசையை மாற்றினால் வம்புதான்.

சரி, துளை 10.03 ஆகிவிட்டது. தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். பிஸ்டனை 10.015-க்குக் கடையுங்கள். எஞ்சினுக்கு வரைபடம் தெரியாது.

சுருக்கமாக: அளவு எண்ணுக்காக அல்ல, ஜோடிக்காக. மாற்றக் கடினமானதை முதலில் முடி, எளிதில் மாற்றக்கூடியதை அதற்கு ஏற்பக் கடை.

லேத்தின் டயலை நம்பலாமா?

மேசைமேல் வைக்கும் குட்டி லேத் 40 கிலோ சொச்சம் இருக்கும். பட்டறை லேத் பக்கத்தில் அது குழந்தை. “இதில் நூறில் ஒரு மில்லிமீட்டர் எப்படி வரும்?” என்று கேட்பார்கள். வரும். ஆனால் கருவியை எவ்வளவு நகர்த்தினோம் என்று கைப்பிடியில் காட்டும் டயலை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் வராது. டயல் மூன்று விதமாக ஏமாற்றும்.

முதலாவது வெறும் கணக்கு. ஜாப்பின் ஒரு பக்கத்தில்தான் கருவி உட்காருகிறது, ஜாப்போ சுற்றுகிறது. (லேத்தில் மாட்டிக் கடையும் துண்டுக்குத்தான் ஜாப் என்று பெயர்.) வாழைக்காயைச் சுற்றித் தோல் சீவினால் இரண்டு பக்கமும் மெலிகிற மாதிரி, கருவி 0.1 மி.மீ. உள்ளே போனால் விட்டம் 0.2 குறையும். சில லேத்தில் டயலே விட்டக் கணக்கில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. முதல் நாளே ஒரு துண்டைக் கடைந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தெரியாமல் பலியானவை என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

இரண்டாவது பேக்லாஷ். பழைய சைக்கிள் பெடலைப் பின்னே தள்ளிவிட்டு முன்னே மிதித்தால், கொஞ்ச தூரம் வெறுமனே போய்ப் பிறகுதான் சக்கரத்தைப் பிடிக்கும். கருவியை நகர்த்தும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் நடுவிலும் அப்படி ஒரு வெற்று ஓட்டம் உண்டு. கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும்போது டயல் நகரும், கருவி நகராது. மருந்து எளிது. அளவைத் தாண்டிவிட்டால், நன்றாகப் பின்னே இழுத்துவிட்டு மறுபடி ஒரே திசையில் வந்து நிறுத்துங்கள்.

மூன்றாவதுதான் சூட்சுமமானது: இரும்பு வளைகிறது. கரும்பை நடுவில் பிடித்துக்கொண்டு நுனியைச் சீவிப் பாருங்கள், நுனி கத்தியை விட்டு விலகும். பிடித்த கைக்குப் பக்கத்திலேயே சீவினால் விலகாது. எஃகுத் தண்டும் இப்படித்தான் விலகுகிறது, நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். (ஒழுக்கிலும் இதே எட்டுதான் வந்தது. வேறு வேறு காரணம், ஒரே கணக்கு.) தண்டின் விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்கு. சின்ன எஞ்சினின் மெல்லிய தண்டுகள் கழுத்தை அறுப்பது இதனால்தான். நுனிப் பக்கம் தடித்தும், ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில் மெலிந்தும் வரும்.

வில்கின்சன் செய்த மாயமும் இங்கேதான் இருக்கிறது. அவருக்கு முன்பு குடையும் தண்டை ஒரு முனையில் மட்டும் தாங்கினார்கள். மறுமுனை தன் பாரத்தாலேயே தொங்கும். அவர் தண்டைச் சிலிண்டர் வழியாக முழுக்க நீட்டி இரண்டு முனையிலும் தாங்கினார். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். ஜாப்பைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் மறுமுனையை, லேத்தில் சக்குக்கு எதிரே இருக்கும் டெயில் ஸ்டாக்கால் தாங்க வேண்டும்.

வளைந்த உலோகம் திரும்பி வரும் என்பதால் இன்னொரு தந்திரமும் உண்டு. கடைசி அளவை நெருங்கும்போது, டயலைத் தொடாமல் அதே இடத்திலேயே கருவியை இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒன்றும் கொடுக்காமலே மெல்லிய தூள் உதிரும். முதல் ஓட்டத்தில் விலகி நின்றது இப்போது திரும்பி வந்து அறுபடுகிறது. அதற்குப் பிறகு அளந்தால்தான் அளவு உண்மை.

பம்பரத்தின் ஆணி

அளவு சரி, பொருத்தமும் சரி. ஆனாலும் எஞ்சின் சிக்கிச் சிக்கி ஓடுகிறது. காரணம் பெரும்பாலும் மையம். பம்பரத்தைக் கடைசல்காரர் எவ்வளவு வட்டமாகக் கடைந்தாலும், ஆணியை ஒரு ஓரமாக அடித்தால் அது தள்ளாடும். வட்டம் ஒன்று, மையம் வேறு.

சாதாரண மூன்று தாடைச் சக்கில் ஒரு ஜாப்பைக் கழற்றி மறுபடி மாட்டினால் மையம் 0.05 மி.மீ. விலகுவது சகஜம். நாம் 0.01-க்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு, சக் சாவியின் ஒரு திருப்பில் அதைத் தொலைக்கிறோம். எதெல்லாம் ஒரே மையத்தில் இருக்க வேண்டுமோ, அதையெல்லாம் ஜாப்பைக் கழற்றாமல் ஒரே பிடியில் முடித்துவிடுங்கள். அறுத்து எடுப்பதுதான் கடைசி வேலை. எந்த இயந்திரத்தில் செய்தீர்கள் என்பதைவிட எந்த வரிசையில் செய்தீர்கள் என்பது முக்கியமாவது இங்கேதான்.

மதுரை வெயிலும் எஞ்சின் சூடும்

அளவுகளுக்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியலில்கூட மதுரையில் அது கிடைப்பது அரிது. கவலை வேண்டாம். மைக்ரோமீட்டரும் ஜாப்பும் ஒரே அறையில் ஒரே சூட்டில் இருந்தால், இரண்டும் சேர்ந்தே விரிகின்றன. 10 மி.மீ. பித்தளையை 35 டிகிரியில் எஃகு மைக்ரோமீட்டரால் அளந்தால் வரும் பிசகு 0.001 மி.மீ. அளவுதான். நாம் பயப்பட வேண்டியது கடைந்த கையோடு சூடாக இருக்கும் ஜாப்பை அளப்பதற்கு. 25 மி.மீ. எஃகுத் துண்டு 40 டிகிரி கூடுதலாகச் சுட்டால் 0.012 மி.மீ. பெருத்து நிற்கும். ஆறியதும் சிறுத்துவிடும். ஒரு காபி குடித்துவிட்டு வந்து அளக்கலாம்.

ஓடும் எஞ்சினின் சூடு வேறு விஷயம். அறை வெப்பத்திலிருந்து நீராவி 100 டிகிரி ஏற்றினால், 10 மி.மீ. வார்ப்பிரும்பு சிலிண்டர் ஏறக்குறைய 0.011 மி.மீ. விரியும், அலுமினியப் பிஸ்டனோ 0.023 விரியும். நாம் 0.012 இடம் விட்டிருந்தால் அது அங்கேயே காலி, பிஸ்டன் கவ்விக்கொள்ளும். பித்தளைச் சிலிண்டரில் எஃகுப் பிஸ்டன் என்றால் சிலிண்டர்தான் கூட விரியும், பிடிக்காது. உலோகத்தைத் தேர்வு செய்வதும் பொருத்தத்தில் சேர்த்திதான். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பித்தளைக் கம்பி மாதிரி ஒன்று மலிவாகக் கிடைத்ததே என்று வாங்குவதற்கு முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளை முலாம் பூசிய இரும்பு என்றால் ஒட்டிக்கொள்ளும்.

கடைசி நூறிலொரு பங்கு

பிஸ்டன் சிலிண்டரின் வாயில் பிடித்து நிற்கிறது, இன்னும் 0.01 போக வேண்டும். இந்த இடத்தில் லேத்தை விட்டுவிடலாம். நைஸ் எமரித் தாளில் எண்ணெய் விட்டு, ஜாப் சுற்றும்போது லேசாகப் பிடித்து, அடிக்கடி நிறுத்தித் துடைத்துச் சோதியுங்கள். தாளை ஒரு தட்டையான பட்டைக்குச்சியில் வைத்துப் பிடிக்க வேண்டும். விரலில் சுற்றிப் பிடிப்பது ஆபத்து, தாள் இழுத்துக்கொண்டால் விரலும் போகும். அதே காரணத்துக்காகத்தான் லேத் பக்கத்தில் தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, கையுறை எதுவும் வேண்டாம். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சைப் போடுவதும் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், பித்தளைத் தூள் ஊசி மாதிரி பறக்கும்.

பிஸ்டனையும் சிலிண்டரையும் உராய்வுப் பொடி போட்டு ஒன்றோடொன்று தேய்க்கிற வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொடி மென்மையான உலோகத்தில் பதிந்துகொண்டு, எஞ்சின் ஓடும் காலமெல்லாம் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பொருத்தம் வந்துவிட்டதா என்று பார்க்க மைக்ரோமீட்டர் வேண்டாம். எண்ணெய் தடவிய பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டு, நீராவித் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, பிஸ்டனைக் கொஞ்சம் வெளியே இழுத்து விடுங்கள். தானாக உள்ளே திரும்பினால் சம்படத்து மூடி மாதிரி வந்துவிட்டது என்று பொருள். முழுக்க வெளியே இழுத்தால் “டப்” என்று ஒரு சத்தம் வரும்.

கொதிகலனை இப்போதைக்குத் தொடாதீர்கள், அது தனிப் பாடம். சைக்கிள் பம்பின் குழாயை மாட்டி மெல்ல அடித்தாலே இந்த எஞ்சின் ஓடும். என்னுடைய இரண்டாவது பிஸ்டன் 9.985. சிலிண்டர் அதே பழைய 10.00. நான் பம்பை அடிக்க, சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு மறுபடி அடித்தேன். கை வலிக்கிற வரைக்கும் ஓடியது.